இணைப்பு அறுந்தால் விளக்கு எரியுமா?

சென்ற பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், அமெரிக்காவிலிருந்து என் பொண்ணு ஏதோ ஸ்மார்ட் ஸ்விட்ச் அனுப்பறேங்கறா. போன்லேயே லைட்டு, ஃபேன் எல்லாம் போடலாமாம். வாங்கி மாட்டலாமா? நீங்க ரயில்வேயிலே சிக்னல் பார்த்தவராச்சே!"

பந்தியில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. "எழுதியே தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சில வாரங்கள் கழித்து நம் இதழாசிரியரும் அதையே கேட்டுக்கொண்டார். இந்தத் துறையில் நான் நிபுணன் அல்லன். டிப்ளமோ படித்து, 1981-ல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2019-ல் சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு பாடத்தை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டவன். அதனால் எழுதத் துணிந்தேன்.

என் வீட்டில் நடந்தது

நான் ஓய்வு பெற்ற வருஷம், பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். அதில் நான்கு பல்புகள், ஆள் நடமாட்டத்தை அறியும் இரண்டு உணரிகள், ரூட்டருக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சிறு வெள்ளை டப்பா. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையில் உணரியைப் பொருத்தினான். இரவில் எழுந்து காலை வைத்தாலே விளக்கு எரியும். முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்கு அது பெரிய சௌகரியம். "இருட்டிலே சுவரைத் தடவ வேண்டாம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அந்த பல்புக்கு எப்போதும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். யாராவது பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் உணரி இருந்தும் பயனில்லை. ஆகவே ஸ்விட்சின் மேல் நானே கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்தேன்.

நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. 2023 மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தக் கம்பெனி தன் சேவையை நிறுத்திக்கொண்டது. முன்னறிவிப்பு அனுப்பியிருந்தார்கள், ஆனால் அது போய்ச் சேர்ந்தது என் மகன் விட்டுவிட்டு வந்த பழைய ஆபீஸின் மின்னஞ்சல் முகவரிக்கு. அன்று இரவு இரண்டு மணிக்கு என் மனைவி வழக்கம்போல எழுந்து நடந்தாள். விளக்கு எரியும் என்ற நம்பிக்கையில் கால் தானாகப் போயிற்று. எரியவில்லை. சுவரைத் தடவியவள் கைக்குக் கிடைத்தது நான் ஒட்டிய டேப். குளியலறைப் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

மாவுக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு அவள் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஏங்க, முப்பத்தெட்டு வருஷம் சிக்னல் பார்த்தீங்களே, நம்ம வீட்டு லைட்டுக்கு அந்தப் புத்தி வரலையே."

அவள் சொன்னது நியாயம். கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். கைகாட்டியை இழுக்கும் கம்பி அறுந்துபோனால், எதிர் எடை இழுத்து, கை தானாக 'நில்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பின்னால் வந்த டிராக் சர்க்யூட்டும் அப்படித்தான். தண்டவாளத்தில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடி ஒரு ரிலேயைப் பிடித்துவைத்திருக்கும். வண்டி வந்து நின்றாலும், தண்டவாளம் முறிந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். எதுவும் ஒரு நாள் பழுதாகும். பழுதாகும்போது பாதுகாப்பான பக்கமாகப் பழுதாக வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதை வேலையில் முப்பத்தெட்டு வருஷம் கடைப்பிடித்துவிட்டு வீட்டில் ஸ்விட்சுக்கு டேப் ஒட்டியவன் நான்.

கம்பெனியைக் குறை சொல்லி எழுத நான் உட்காரவில்லை. இப்படிப்பட்ட சாதனங்களை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை.

எத்தனை கண்ணிகள்?

என் வீட்டு நடையில் ஒரு விளக்கு எரிவதற்கு என்னென்ன சரியாக இருக்க வேண்டியிருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உணரியின் பேட்டரி, உணரிக்கும் வெள்ளை டப்பாவுக்கும் இடையே ரேடியோ, டப்பா, ரூட்டர், தெருவில் வரும் இணையக் கம்பி, எங்கேயோ ஒரு தேசத்தில் இருக்கும் கம்பெனியின் சர்வர், பிறகு அதே வழியில் திரும்பி வந்து பல்பு. பத்தடி தூரத்து விளக்குக்கு அவளுடைய காலடிச் செய்தி கடல் கடந்து போய்வந்துகொண்டிருந்தது!

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சாதனங்கள் வீட்டுக்குள் எந்த ரேடியோவில் பேசுகின்றன என்பது. மற்றொன்று, முடிவெடுக்கும் மூளை வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. கடைக்காரர்கள் முதலாவதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். நமக்கு முக்கியம் இரண்டாவது. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

ரேடியோ வகைகள்

வைஃபை: நம் கடைத்தெருவில் அதிகம் கிடைப்பது இதுதான். சாதனம் ரூட்டரோடு நேராகப் பேசும், தனி டப்பா தேவையில்லை, விலையும் குறைவு. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட இ.எஸ்.பி.8266 என்ற மலிவான சில்லுதான் இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம். பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. குறைகள் இரண்டு. மின்சாரம் அதிகம் குடிப்பதால் பட்டன் பேட்டரியில் ஓடும் உணரிகளுக்கு ஏற்றதல்ல. சாதனங்கள் பெருகப் பெருக, இணைய இணைப்போடு இலவசமாக வரும் சாதாரண ரூட்டர் திணறும். ஒரு யோசனை: ரூட்டரை மாற்றும்போது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பல்பாக மறுபடி சேர்க்க ஏணியில் ஏற வேண்டிவரும்.

ஜிக்பீ: ஐ.இ.இ.இ. 802.15.4 என்ற 2003-ஆம் வருஷத் தரத்தின் மேல் கட்டப்பட்டது. இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், வேகம் விநாடிக்கு 250 கிலோபிட். விளக்கைப் போடு, அணை என்று சொல்ல இது தாராளம். இதன் சிறப்பு, செய்தி கைமாறிப் போவது. மின்சாரத்தில் இருக்கும் ஒவ்வொரு பிளக்கும் பல்பும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும். அந்தக் காலத்தில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தந்தி போனதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு உணரி ஒன்று பட்டன் பேட்டரியில் ஒரு வருஷத்துக்கு மேலும் ஓடும். 2012-ல் வந்த பிலிப்ஸ் ஹியூ பல்புகள் இந்த வகையே. ஆனால் ஒரு மையப் பெட்டி வேண்டும். நடுவில் செய்தி கடத்தும் பல்பை யாராவது சுவர் ஸ்விட்சில் அணைத்தால் அதற்கு அப்பால் இருப்பவை ஊமையாகிவிடலாம். வைஃபையோடு ஒரே அலைவரிசையைப் பங்கிடுவதால் சேனலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் வைஃபை 1, 6, 11 என்ற சேனல்களில் ஒன்றில் இருந்தால், ஜிக்பீயை 15, 20, 25 ஆகியவற்றில் ஒன்றில் வைத்தால் மோதல் குறையும்.

இசட்-வேவ்: டென்மார்க்கின் ஜென்சிஸ் கம்பெனி உருவாக்கியது. 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்வதால் சுவர்களை ஊடுருவுவதில் கெட்டி. வைஃபையின் தொந்தரவு கிடையாது. ஒரு வலையில் 232 சாதனங்கள் வரை இணையலாம். ஆனால் இதன் அலைவரிசை தேசத்துக்குத் தேசம் வேறு. இந்தியாவுக்கு 865.2 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுக்கு 868.42, அமெரிக்காவுக்கு 908.42. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் அனுமதி தரப்பட்டது. அமெரிக்காவில் வாங்கிய சாதனம் இங்கே வாங்கிய மையப் பெட்டியோடு பேசாது. அந்த அலைவரிசையை இங்கே இஷ்டத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. இந்திய அலைவரிசையில் கிடைக்கும் சாதனங்களும் குறைவு, விலையும் கூடுதல்.

புளூடூத்: மொபைலோடு நேராகப் பேசும். ஒரு அறைக்குச் சரி. வீடு முழுவதற்கும் பரவும் 'மெஷ்' முறை 2017-ல் வந்தது. ஆனால் விலை மலிந்த பல்புகள் பலவற்றில், மொபைல் பக்கத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்.

த்ரெட், மேட்டர்: இவை இரண்டும் புதியவை, பலர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். த்ரெட் என்பது ரேடியோ வலை. ஜிக்பீயின் அதே 802.15.4 ரேடியோதான், பேசும் முறை மட்டும் இணைய முகவரி முறை. மேட்டர் என்பது ரேடியோ அல்ல, பொது மொழி. ஆப்பிள், அமேசான், கூகுள் ஆகியவையும் ஜிக்பீ கூட்டமைப்பும் 2019 டிசம்பரில் கூடி அறிவித்து, 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளிவந்தது. வைஃபை மூலமாகவும் த்ரெட் மூலமாகவும் இந்த மொழியைப் பேசலாம். கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்வர வேண்டும் என்பது இதன் அடிப்படை. நமக்கு வேண்டியதும் அதுதான்.

பாதை அகலம் மாறும் இடம்

நம் நாக்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இத்வாரியிலிருந்து சிந்த்வாராவுக்கு 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை வண்டி 2015 வரை ஓடியது பலருக்கு நினைவிருக்கும். பக்கத்திலேயே 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. இரண்டும் ரயில்தான், இரண்டிலும் சரக்கு போகும். ஆனால் இந்த வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற ஆள் வேண்டும், இடம் வேண்டும், நேரம் வேண்டும்.

வீட்டில் வைஃபை பல்பும் ஜிக்பீ உணரியும் வாங்கினால் நடுவில் சரக்கை இறக்கி ஏற்றும் ஆள் ஒருவர் தேவைப்படுகிறார். அவர்தான் மையப் பெட்டி. அந்த ஆள் நம் வீட்டிலேயே சம்பளத்துக்கு இருக்கிறாரா, எங்கேயோ ஒரு கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதே கேள்வி. கம்பெனி ஆள் என்றால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நம் சரக்கு பிளாட்பாரத்தில் கிடக்கும்.

வீட்டு ஆளாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை 2013-ல் பாலஸ் ஷௌட்சன் என்பவர் தொடங்கினார். இன்று உலகெங்கும் பலர் கூடி அதை வளர்க்கிறார்கள். ஒரு ராஸ்பெரி பை சிறு கணினியிலோ, பரணில் கிடக்கும் பழைய கணினியிலோ ஓடும். ஜிக்பீ, இசட்-வேவ், வைஃபை, மேட்டர் எல்லாவற்றோடும் பேசும். இணையம் இல்லாவிட்டாலும் வீட்டு வேலைகளை நடத்தும். ஜிக்பீக்கு ஒரு யு.எஸ்.பி. குச்சி வாங்கிச் செருக வேண்டும். அந்தக் குச்சியை நேராகக் கணினியில் செருகாமல் இரண்டு மூன்றடி நீட்டிப்புக் கம்பியில் செருகுங்கள். யு.எஸ்.பி. 3.0 துளைகளிலிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுந்து ரேடியோவைக் கெடுக்கும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

உற்பத்தியாளர் எவ்வளவு தூரம் கூட வருவார்?

நாமாகவே பொருத்திக்கொள்பவர்களுக்குக் கம்பெனிகள் தரும் ஆதரவு ஒரே மாதிரி இல்லை. சிலர் கட்டளை முறைகளை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிடுகிறார்கள். பல்கேரியாவின் ஷெல்லி சாதனங்கள் இதற்கு நல்ல உதாரணம். எந்தச் செய்தியை அனுப்பினால் ரிலே சாத்தும், எதற்குத் திறக்கும் என்பதெல்லாம் பொதுவில் இருக்கிறது. கம்பெனி சர்வரைத் தொடாமலே பயன்படுத்தலாம். சீனாவின் சோனாஃப் சில மாடல்களில், தாமே செய்துகொள்பவர்களுக்கென்றே தனி முறை வைத்திருக்கிறது. பிலிப்ஸ் ஹியூவும் தன் மையப் பெட்டியோடு வீட்டுக்குள் பேசும் முறையை 2013-லேயே வெளியிட்டது. இன்னும் சிலரோ திருகாணியைக்கூடத் திறக்கவிடாமல், தம் செயலி வழியாக மட்டுமே வா என்கிறார்கள். விலையிலோ தோற்றத்திலோ இந்த வித்தியாசம் தெரியாது.

இது வீண் பயம் அல்ல. ரிவால்வ் என்ற மையப் பெட்டியைச் சுமார் 300 டாலருக்கு அமெரிக்காவில் விற்றார்கள். 2014-ல் நெஸ்ட் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் சேவை நின்றது. பெட்டி வெறும் பெட்டியாயிற்று. விங்க் என்ற கம்பெனி 2020-ல், அதுவரை இலவசமாக இருந்ததற்கு மாதச் சந்தா கேட்டது. லோவ்ஸ் என்ற பெரிய கடை நடத்திய ஐரிஸ் சேவை 2019 மார்ச் 31-ல் மூடப்பட்டது. ஆனால் அவர்கள் தகுதியுள்ள சாதனங்களுக்குப் பணம் திருப்பித் தந்ததோடு, மென்பொருளையும் பொதுவில் வைத்துவிட்டுப் போனார்கள். கடையை மூடுவதிலும் நாகரிகம் உண்டு.

நமக்கு மிக முக்கியமான பாடம் இன்ஸ்டியான். 2022 ஏப்ரலில் ஒரு நாள் அதன் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின. மொபைல் செயலி செத்தது. ஆனால் சுவரில் இருந்த ஸ்விட்சுகள் வேலை செய்தன. ஒன்றோடொன்று நேராக இணைத்துவைத்த சாதனங்களும் வேலை செய்தன. ஏனென்றால் அந்த அமைப்பில் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டு மாதம் கழித்து, பயன்படுத்தியவர்களில் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி மறுபடி நடத்தினார்கள். அந்த இரண்டு மாதமும் வீட்டு விளக்கைச் சுவரில் போட முடிந்தது என்பதுதான் நான் கவனித்த செய்தி.

ரயில்வேயில் எங்களுக்கு லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ. இருந்தது. அவர்கள் ஒரு ரிலேக்கு விவரக்குறிப்பு எழுதிவிட்டால், எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த அளவுக்கும் குணத்துக்கும் உட்பட்டே செய்ய வேண்டும். ஒரு கம்பெனி மூடினால் இன்னொரு கம்பெனியின் ரிலேயைச் செருகிவிட்டு வண்டியை விடுவோம். வீட்டுச் சாதனங்களில் ஜிக்பீ, இசட்-வேவ், மேட்டர் போன்ற பொதுத் தரங்கள் அந்த வேலையைத்தான் செய்ய முயல்கின்றன. ஆகவே, வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை என்று நான் எழுதிவைத்திருப்பவை இவை:

1. இணையம் அறுந்தால் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது?

2. சுவர் ஸ்விட்ச் எப்போதும், எந்த நிலையிலும் வேலை செய்யுமா?

3. மின்சாரம் போய் வந்ததும் எந்த நிலைக்குத் திரும்பும்? முன்பிருந்த நிலைக்கா, அணைந்தா, எரிந்தா? அதை நாம் மாற்ற முடியுமா?

4. பொதுத் தரத்தில் பேசுகிறதா? கட்டளை முறையைக் கம்பெனி எழுதி வெளியிட்டிருக்கிறதா?

5. வயரிங் படமும், தாங்கும் ஆம்பியரும், வோல்டேஜும் தெளிவாக அச்சிட்டிருக்கிறதா?

6. பதிவு செய்த மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் யார் பெயரில்? வீட்டில் இருப்பவருக்குத் தெரியுமா?

ஆறாவது கேள்வியை நான் சேர்த்த காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

மேல்நாட்டுப் புத்தகங்களில் இல்லாத சில சங்கதிகள் நம் வீடுகளில் உண்டு. ஸ்விட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே மாடியூல்கள் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். ஸ்விட்ச் மட்டும் உள்ள போர்டில் சில வீடுகளில் இராது. வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறந்து பாருங்கள். சுவருக்குள் இருப்பது இரும்புப் பெட்டி என்றால் ரேடியோ பலம் குறையும். கான்கிரீட் சுவரும் அப்படித்தான். அறைக்கு ஒரு ஜிக்பீ பிளக் இருந்தால் செய்தி கைமாறிப் போய்ச் சேரும்.

2000 வாட் கீசர் 230 வோல்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட மாடியூலில் முதலாவதையே நான் மாட்ட மாட்டேன். கான்டாக்டர் வைத்துத்தான் செய்ய வேண்டும். மோட்டார் பம்பு கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்கும் அதே விதி. இஸ்திரிப் பெட்டியையும் அடுப்பையும் தூரத்திலிருந்து போடும் ஆசையே வேண்டாம்.

நம் ஊர்க் கோடைக்குக் கூலர் இல்லாமல் முடியாது. பம்பை விட்டுவிட்டு ஓடவைத்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று பலரும் டைமர் கேட்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: மலிவான வைஃபை மாடியூல்கள் பலவற்றுக்குள் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். இணையம் இல்லையென்றால் 'இரவு பத்து மணிக்கு அணை' என்ற கட்டளை தூங்கிவிடும். 'போட்டு இருபது நிமிஷத்தில் அணை' என்ற கட்டளைக்கு மணி தெரிய வேண்டியதில்லை. எது கடிகாரத்தை நம்பியது, எது எண்ணிக்கையை நம்பியது என்று தெரிந்து வையுங்கள். ரூட்டரையும் மையப் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பது நல்லது.

கம்பெனியின் மென்பொருளை எடுத்துவிட்டு டாஸ்மோட்டா போன்ற இலவச மென்பொருளை ஏற்றலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். இ.எஸ்.பி. சில்லு உள்ள பல சாதனங்களில் முடியும். நானும் செய்திருக்கிறேன். ஆனால் வாரன்ட்டி போகும். சாதனம் மெயின் கரன்ட்டில் இருக்கும்போது கணினியை அதோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. அந்தச் சர்க்யூட்களில் பல, மெயினிலிருந்து தனிமைப்படுத்தப்படாதவை. கையோடு கணினியும் போகும். இந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டில்

மாவுக்கட்டு பிரிப்பதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நடையில் இருந்த ஸ்மார்ட் பல்பைக் கழற்றிவிட்டுச் சாதாரண எல்.இ.டி. பல்பு போட்டேன். புத்திசாலித்தனத்தைப் பல்பிலிருந்து எடுத்து ஸ்விட்சுக்குப் பின்னால் வைத்தேன். அதாவது ரிலே மாடியூல். சுவர் ஸ்விட்ச் அதன் உள்ளீட்டில் நேராக இணைந்திருக்கிறது. ஸ்விட்சைத் தட்டினால், ரூட்டர் இல்லாவிட்டாலும், கணினி இல்லாவிட்டாலும், இணையம் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். நடமாட்ட உணரி ஜிக்பீ. மகனின் பழைய மடிக்கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் ஓடுகிறது. உணரி செய்தி சொன்னால் அது ரிலேயைச் சாத்துகிறது. எதுவும் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதில்லை.

மாடியூலே பழுதானால்? ரிலே ஒட்டிக்கொண்டால்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே குளியலறை வாசலில் ஒரு சிறு இரவு விளக்கைப் பிளக்கில் செருகியிருக்கிறேன். உள்ளே சொந்த பேட்டரி. இருட்டினால் தானாக எரியும். கரன்ட் போனாலும் எரியும். அதில் ரேடியோவும் இல்லை, செயலியும் இல்லை. என் வீட்டு மின்னணுச் சாதனங்களிலேயே மிக எளிமையானது அதுதான். நான் மிகவும் நம்புவதும் அதைத்தான்.

செயலிகளின் பாஸ்வேர்டுகள், எந்த ஸ்விட்சுக்குப் பின்னால் எந்த மாடியூல், எதைக் கழற்றினால் பழைய நேர் வயரிங் திரும்பும் என்பதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி மெயின் போர்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் வரும் எலெக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டுமே என்று ஹிந்தியிலும் எழுதியிருக்கிறேன். ரிலே அறையில் சர்க்யூட் படம் இல்லாமல் வேலை செய்ய விட்டதுண்டா எங்களை?

ஒரு சோதனை

இக்கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, இருட்டும் நேரத்தில் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். கால் மணி நேரம் பொறுத்து, வீட்டில் வயதானவர் யாரோ அவரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். நடை, குளியலறை, மாடிப்படி, வாசல் விளக்கு, அழைப்பு மணி, கதவுப் பூட்டு ஒவ்வொன்றையும் கையால் இயக்கிப் பாருங்கள். எது வேலை செய்யவில்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது அலங்கார விளக்கு என்றால் பாதகமில்லை. ஒருவர் விழக்கூடிய இடம், வெளியே வரமுடியாமல் அகப்படக்கூடிய இடம் என்றால், அந்த வாரமே மாற்றுங்கள். நான் மாதம் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்கிறேன். என் மனைவிதான் இன்ஸ்பெக்டர். தவறு கண்டுபிடிப்பதில் என் பழைய மேலதிகாரிகளை மிஞ்சிவிடுகிறாள்.

நிற்க. பொங்கலன்று கேள்வி கேட்ட அன்பருக்கு என் பதில்: மகள் அன்போடு அனுப்புவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராதுதான். ஆனால் அமெரிக்க ஸ்விட்சுகள் பொதுவாக 120 வோல்டுக்குச் செய்தவை; நம்முடையது 230. அட்டையில் 230 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலொழிய மாட்டவே கூடாது. இசட்-வேவ் என்றால் அலைவரிசையும் ஒத்துவராது. அதற்குப் பதிலாக இங்கேயே கிடைப்பதை வாங்கச் சொல்லுங்கள். மேலே எழுதிய ஆறு கேள்விகளையும் மகளிடமே அனுப்பி, பதில் கண்டுபிடித்துத் தரச் சொல்லுங்கள். பணத்தைவிட அந்த நேரம் பெரிய பரிசு.

பொருத்தும்போது சந்தேகம் வந்தால், சங்கக் கூட்டத்துக்கு வரும்போது மாடியூலையும் வயரிங் படத்தையும் கையில் கொண்டு வாருங்கள்; உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு முன், உங்கள் வீட்டில் எந்த ஸ்விட்சின் மேலாவது டேப் ஒட்டியிருந்தால் இன்று மாலையே பிரித்துவிடுங்கள்.